மேற்குக் கரையில் ஒரு காமிராப் பிரயாணம்

அயர்லாந்து என்ற பெயரைக் கேட்டதும் நம் நாட்டவருக்குப் பார்னலும் டி வலேராவும் ஞாபகத்துக்கு வருவார்கள். சுயாட்சி, பகிஷ்காரம், உண்ணாவிரதம் என்று நம் தேச சரித்திரத்தில் அடிபட்ட சொற்கள் பல அந்தச் சின்னஞ்சிறு தீவின் சரித்திரத்திலும் அடிபட்டவையே. ஆனால் இக்காலத்தில் அத்தேசத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சரித்திரம் படிக்கப் போவதில்லை. படம் பிடிக்கப் போகிறார்கள். அதிலும் அதன் மேற்குக் கரை இருக்கிறதே, அது காமிரா வைத்திருப்பவர்களின் மோட்ச லோகம்.

அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் அலைகள் ஆயிரக்கணக்கான மைல் தடையின்றி ஓடி வந்து முட்டிக்கொள்ளும் கரை அது. முட்டி முட்டிப் பாறையைக் குடைந்து, எண்ணற்ற முனைகளாகவும் வளைகுடாக்களாகவும் தீவுகளாகவும் கிழித்துப் போட்டிருக்கின்றன. 2014-ம் ஆண்டில் அயர்லாந்தின் சுற்றுலா இலாகாவினர் இக்கரையோரச் சாலைகளையெல்லாம் ஒரே மாலையாகக் கோத்து, 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயரிட்டார்கள். வடக்கே டோனகால் ஜில்லாவில் தொடங்கி, தெற்கே கார்க் ஜில்லாவிலுள்ள கின்ஸேல் பட்டினம் வரையில் இதன் நீளம் சுமார் 2,500 கிலோ மீட்டர்.

நேயர்களே! நாமும் ஒரு மோட்டாரில் ஏறிக்கொள்வோம். அங்கேயும் நம் நாட்டைப் போலவே இடது பக்கமாகத்தான் வண்டி ஓட்டவேண்டும். ஆகையால் நம்மவர்களுக்குக் கவலையில்லை. ஆனால் கிராமத்துச் சாலைகள் ஒரு வண்டிக்கே போதாதவை. நடுவில் புல் முளைத்திருக்கும். எதிரே ஒரு குடியானவர் வண்டி ஓட்டி வந்தால், சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி நமக்கு வந்தனம் செலுத்துவார். அறிமுகம் வேண்டும் என்பதில்லை. நாமும் ஒரு விரலை உயர்த்தினால் மரியாதை தீர்ந்தது.

நம் பிரயாணம் ஆரம்பமாகும் இடம் மாலின் முனை. அயர்லாந்துத் தீவின் வடகோடி இதுதான். 'வட அயர்லாந்து' என்று பெயர் பெற்று இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் பகுதிக்கும் வடக்கே இருக்கிறது. ஆனாலும் இது தெற்கேயுள்ள சுதந்திரக் குடியரசைச் சேர்ந்தது! தேசங்களைக் கூறுபோட்டவர்களின் பூகோள ஞானம் அப்படி. இம்முனையில் தரையின்மேல் வெள்ளைக் கற்களால் பெரிய பெரிய எழுத்துக்களில் 'ஏரே' என்று பதித்திருக்கிறது. ஐரிஷ் பாஷையில் அத்தேசத்தின் பெயர் அதுவே. இரண்டாவது உலக யுத்தத்தில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. ஆகாயத்தில் பறந்த விமானிகள் அதைக் கண்டுகொள்வதற்காகக் கரை நெடுகிலும் 80-க்கு மேற்பட்ட இடங்களில் இப்படி எழுதி வைத்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற தேசம் ஒன்று தன் பெயரைத் தன் பாஷையில் தன் மண்ணின்மேலேயே எழுதிக்கொண்டது.

டோனகாலின் தென்மேற்கில் ஸ்லீவ் லீக் என்ற மலை, சமுத்திரத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம் எழும்பி நிற்கிறது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த கடற்பாறைகளில் இது ஒன்று. இங்கே படம் பிடிக்கிறவருக்கு ஒரு சங்கடம் நேரும். எவ்வளவு உயரமானாலும் பாறை படத்தில் சிறிதாகவே விழும். அதன் பிரமாணம் தெரியவேண்டுமானால் பக்கத்தில் ஒரு மனிதரோ, ஒரு படகோ வேண்டும். ஆகவே அவர் மனிதரைத் தேடுவார். மலைச்சரிவில் ஆடுகள் மேயும், ஆள் இருக்கமாட்டார். இக்கரை நெடுகிலும் இதே அநுபவந்தான். ஜனங்கள் எங்கே போனார்கள்?

இதற்கு விடை மேயோ ஜில்லாவிலுள்ள ஆக்கில் தீவில் கிடைக்கிறது. அங்கே ஸ்லீவ்மோர் மலையின் அடிவாரத்தில் 80 முதல் 100 வரையில் கல் வீடுகள் கூரையின்றி வரிசையாக நிற்கின்றன. நடுப்பகலில் போனால் பச்சைச் சரிவும் கல் குவியலுமே தெரியும். மழை நின்று, சூரியன் மேற்கே தாழ்ந்து, வெயில் தரையோடு தரையாகச் சாயும் வேளையில் பாருங்கள்: புல்லுக்கு அடியிலிருந்து நேர் நேரான வரிகள் எழும்பி வரும்! மேடும் பள்ளமுமாகச் சரிவு முழுவதும் ஓடும் அந்த வரிகள், ஒரு காலத்தில் மனிதர்கள் மண்வெட்டியால் வெட்டி உருளைக்கிழங்கு பயிரிட்ட பாத்திகள். பயிரிட்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வெட்டிய பாத்தி போகவில்லை.

1841-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அயர்லாந்துத் தீவில் 81 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் கண்டது. ஏழைகளுக்கு அது ஒன்றே ஆகாரம். தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் பத்து லட்சத்துக்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள். அந்த வருஷங்களிலும் தானியமும் கால்நடைகளும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. இன்றைக்குத் தீவின் இரு பகுதிகளையும் சேர்த்தாலும் ஜனத்தொகை 70 லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. 180 வருஷங்களுக்குப் பிறகும் பழைய தொகையை எட்டவில்லை!

ஆக்கில் தீவுக்குப் போகும் பாலத்துக்கு மைக்கேல் டாவிட் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1879-ல் குடியானவர்களுக்காக நிலச் சங்கத்தை ஸ்தாபித்தவர் அவர். அதே தீவில் முன்பு பல வருஷம் வசித்த இன்னொருவர் காப்டன் பாய்காட். அவர் பிறகு உள்நாட்டில் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு பிரபுவின் நிலங்களுக்கு ஏஜெண்டானார். 1880-ல் குத்தகையைக் குறைக்கும்படி கேட்ட குடியானவர்களை அவர் வெளியேற்ற முற்பட்டபோது, ஊரார் அவரை அடிக்கவில்லை. அவருக்கு வேலை செய்வதையும், சாமான் விற்பதையும், அவரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவருடைய பயிரை அறுக்க வெளியூரிலிருந்து வந்த 50 ஆட்களுக்கு ஆயிரம் வரையில் துருப்புகளும் போலீஸாரும் காவல் நின்றார்கள். வருஷம் முடிவதற்குள் பாய்காட் ஊரைவிட்டே போனார். அவருடைய பெயர் மட்டும் ஆங்கிலத்தில் பகிஷ்காரத்துக்கு உரிய சொல்லாகி, உலகம் சுற்றி நம் தேசத்துக்கும் வந்து சேர்ந்தது.

மேயோ ஜில்லாவின் தென்கோடியில் டூலாக் என்னும் பள்ளத்தாக்கு. இருபுறமும் மலை, நடுவே கரிய ஏரி. படத்துக்கு இதைவிட அழகான இடம் கிடையாது. 1849 மார்ச் மாதக் கடைசியில், பஞ்ச நிவாரணத்துக்குத் தகுதியுண்டா என்று அதிகாரிகளிடம் பரிசோதனைக்கு நிற்பதற்காக, பட்டினியால் வாடிய நூற்றுக்கணக்கான ஜனங்கள் லூயிஸ்பர்க் என்ற ஊரிலிருந்து இவ்வழியே சுமார் 12 மைல் நடந்தார்கள். குளிரிலும் மழையிலும் வழியிலேயே பலர் விழுந்து இறந்தார்கள். சாலையோரத்தில் இப்போது ஒரு ஞாபகக் கல் இருக்கிறது. அதில் பொறித்திருப்பது யாருடைய வாக்கு என்று நினைக்கிறீர்கள்? நம் மகாத்மா காந்தியினுடையது! சக மனிதர்களை அவமானப்படுத்துவதில் மனிதனுக்கு என்ன கௌரவம் என்று அது கேட்கிறது. அட்லாண்டிக் ஓரத்தில், ஆள் நடமாட்டமற்ற பள்ளத்தாக்கில் அக்கல்லைக் காணும் இந்தியர் எவரும் காமிராவைக் கீழே இறக்கி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார்.

அடுத்தது கால்வே ஜில்லா. அங்கிருந்து படகேறினால் ஆரன் தீவுகள். வெறும் சுண்ணாம்புப் பாறையின்மேல் கடற்பாசியையும் மணலையும் கூடைகூடையாகச் சுமந்து கொட்டி, மண்ணையே உண்டாக்கிப் பயிரிட்ட மனிதர்களின் ஊர். நாடகாசிரியர் ஸிஞ்ச், 1898 முதல் இங்கு வந்து தங்கியபோது காமிராவையும் கொண்டுவந்து தீவினரைப் படம் பிடித்தார். 1934-ல் ராபர்ட் பிளாஹர்ட்டி இவர்களைப் பற்றி ஒரு சினிமா எடுத்து வெளியிட்டார். அதில் வரும் சுறா வேட்டையைப் பார்த்து ஜனங்கள் பிரமித்தார்கள். ஆனால் தீவினர் அந்த வேட்டையை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. சினிமாவுக்காக அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது! காமிரா பொய் சொல்லாது என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் நியாயத்துக்குச் சாட்சி சொல்லவும் அதற்குத் தெரியும். தெற்கே கிளேர் ஜில்லாவில், 214 மீட்டர் உயரமுள்ள மோஹர் பாறைகளை மாலை வெயிலில் படம் பிடித்துக்கொண்டு, மேலும் தெற்கே போனால் கில்ரஷ் என்ற ஊர் வரும். 1888-ல் இங்கே வாண்டிலர் ஜமீனில் குத்தகை பாக்கிக்காகக் குடியானவர்களை வெளியேற்றினார்கள். மூன்று கால் நட்டுத் தொங்கவிட்ட பெரிய மரக்கட்டையால் வீட்டுச் சுவரை இடிப்பதும், சுற்றிலும் சிப்பாய்கள் நிற்பதும் அன்று எடுத்த போட்டோக்களில் அப்படியே இருக்கின்றன. டப்ளினிலுள்ள தேசிய நூல்நிலையத்தில் லாரன்ஸ் கம்பெனியாரின் சுமார் 40,000 கண்ணாடித் தகடுகளுடன் அவை பத்திரமாக உள்ளன. 1903-ல் வந்த நிலச் சட்டத்துக்குப் பிறகு குத்தகைக்காரர்கள் பெருவாரியாக நிலத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள்.

கெர்ரி ஜில்லாவின் டிங்கிள் தீபகற்பத்தில் சாலைப் பலகைகளில் ஆங்கிலம் மறைந்துவிடுகிறது. இது ஐரிஷ் பாஷை பேசும் பிரதேசம். அரசியல் சட்டப்படி அதுவே முதல் ராஜ பாஷை. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் அதைப் பேசுகிறவர்கள் 2022-ம் வருஷக் கணக்கில் 72,000 பேருக்கும் சற்றுக் குறைவு. பஞ்சத்தில் அதிகமாக மாண்டவர்களும் கப்பலேறியவர்களும் அந்தப் பாஷையைப் பேசிய மேற்குக் கரை ஏழைகளே. எதிரே கடலில் தெரிவது பெரிய பிளாஸ்கட் தீவு. அச்சிறு தீவில், 1929-ல் தாமஸ் ஓ கிரிஹன் என்ற செம்படவர் தம் வாழ்க்கையை ஐரிஷில் எழுதி வெளியிட்டார். பேக் ஸேயர்ஸ் என்ற அம்மாள் சொல்லச் சொல்ல, அவருடைய குமாரர் எழுதிய சரிதம் 1936-ல் வந்தது. 1947-ல் புயலில் சிக்கி உணவின்றித் தவித்த தீவினர் டி வலேராவுக்குத் தந்தி அடித்தார்கள். 1953 நவம்பர் 17-ந் தேதி, மிஞ்சியிருந்த 22 பேரை சர்க்கார் கரைக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இன்று தீவில் கூரையற்ற சுவர்களும் ஆடுகளும் இருக்கின்றன; அத்தீவின் பேச்சு புத்தகங்களில் இருக்கிறது.

கடைசியாகக் கார்க் ஜில்லாவின் ஸ்கிபரீன். ஊரை அடுத்த மயானத்தில், பஞ்சத்தில் இறந்த 8,000 முதல் 10,000 பேர் வரை சவப்பெட்டியின்றி ஒன்றாகப் புதைந்திருக்கிறார்கள். 1847-ல் ஜேம்ஸ் மஹோனி என்ற சித்திரக்காரர் இவ்வூரைச் சுற்றி வந்து வரைந்த படங்களை லண்டனில் ஒரு சித்திர வாரப் பத்திரிகை வெளியிட்டது. அவற்றைப் பார்த்த பிறகே இந்தத் துயரம் பலர் கண்ணில் பட்டது. அதற்கு முந்திய வருஷமே கல்கத்தாவில் நிதி திரட்டிச் சுமார் 14,000 பவுன் அனுப்பியிருந்தார்கள் என்பது நாம் அறிந்து மகிழவேண்டிய விஷயம்.

கின்ஸேலில் நம் சாலை முடிகிறது. காமிராவில் நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் காட்டும்போது, "ஆஹா, எவ்வளவு அமைதியான தேசம்! ஒரு ஈ காக்காய் கூட இல்லையே!" என்று பார்ப்பவர்கள் வியப்பார்கள். அப்போது அந்த ஆக்கில் தீவுப் படத்தை எடுத்து, மலைச்சரிவில் ஓடும் வரிகளைக் குழந்தைகளுக்கு விரலால் தொட்டுக் காட்டுங்கள். அந்த அமைதி எப்படி வந்தது என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.