செந்தூல் வராந்தாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி

உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா? காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. பக்கத்து லயத்து அக்கா தன் மரத்தடியில் முளைத்த கன்றைத் தோண்டி, பழைய பால்மாவு டின்னில் வைத்து, "தண்ணிய அதிகமா ஊத்திடாதே, வேர் அழுகிப் போயிடும்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த அக்காவுக்கு அவர் மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கும். இப்படியே பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு போனால் கதை எந்தத் தோட்டத்தில் போய் நிற்குமோ, யாருக்குத் தெரியும்!

எங்கள் அம்மாவின் மரமும் அப்படி வந்ததுதான். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாளித் தண்ணீரை அதன் அடியில் கவிழ்த்துவிட்டுத்தான் கிளம்புவார். சுற்றிலும் கத்தரி, வெண்டை, பாகல், மரவள்ளி, வேலியோரம் முருங்கை, கோழிக்கூண்டுக்கு மேல் அவரைப் பந்தல். அந்தக் கொல்லை நம்மவர்களுக்குத் தானமாகக் கிடைத்ததல்ல. 1920களில் வந்த தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பத்தோடு இருக்கும் தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,700 சதுர அடி. அது எல்லாத் தோட்டங்களிலும் ஒழுங்காகக் கிடைத்ததா என்பது வேறு கதை. கிடைத்தவர்கள் அதை வீணாக்கவில்லை. 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி போடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். நம் லயத்துப் பெண்களுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

2004-இல் எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அம்மா பெட்டி கட்டவில்லை. நேரே கொல்லைக்குப் போய் நின்றார். "மரத்தைத் தூக்கிட்டா போக முடியும்?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டார். பிறகு மண்வெட்டியை எடுத்து, மரத்தடியில் இருந்த மூன்று கன்றுகளைத் தோண்டினார். அந்த மூன்றோடுதான் செந்தூலில் இருக்கும் என் தங்கையின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

செந்தூல் என்பதே ஒரு பழமரத்தின் பெயர். மலாய்க்காரர் அதைக் கெச்சாப்பி என்றும் சொல்வார்கள். அது நம் வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ரயில்வே பட்டறை வந்தது. அதோடு தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தண்டவாளத்தை ஒட்டிக் குடியேறின. அவர்களுடைய குவார்ட்டர்ஸ் வாசல்களில் முருங்கையும் வாழையும் நின்றதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். பட்டறைக் கட்டடம் ஒன்று 2005-இல் கலை அரங்கமாகத் திறக்கப்பட்டது. சுற்றிலும் மாடிகள் எழும்பிவிட்டன. தங்கையின் வீடு மொத்தமே 700 சதுர அடி. அதில் கொல்லைக்கு ஏது இடம்? வீட்டுக்கு வெளியே வராந்தா, அதில் கம்பியோரம் ஒரு முழ அகலம். அவ்வளவுதான்.

அந்த ஒரு முழத்தில் அம்மா மூன்று டின்களை வைத்தார். ஒரே வாரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

எதிர்வீட்டில் இருந்தவர் ஒரு மக்சிக். கணவரை இழந்தவர். அவர் கதவோரத்தில் ஒரு பெரிய வாளியில் லிமாவ் கஸ்தூரி செழித்து நின்றது. கணவர் உயிரோடிருந்தபோது கோலப்பிலாவிலிருந்து கொண்டு வந்து வைத்ததாம். அம்மாவின் டின்களைப் பார்த்துவிட்டு மக்சிக் ஏதோ கேட்டார். அம்மாவின் மலாய் தோட்டத்து மலாய், மக்சிக்குக்குத் தமிழில் "வணக்கம்" மட்டுமே தெரியும். ஆனாலும் பத்து நிமிடத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று எதிர்ப்பக்கம் போனது. ஒரு கட்டு செராயும், வேரோடு பெகாகாவும் இந்தப் பக்கம் வந்தன. பெகாகா வேறொன்றுமில்லை, நம்முடைய வல்லாரைதான். அதைத் துவையலாக அரைக்கலாம் என்பது மக்சிக்குக்குப் புதுச் செய்தி. பச்சையாகவே சோற்றோடு உண்ணலாம் என்பது அம்மாவுக்குப் புதுச் செய்தி.

அதற்குப் பிறகு அந்த மாடியில் நடந்ததை ஒரு சந்தை என்றே சொல்லலாம், காசு மட்டும் கைமாறாத சந்தை. கோடி வீட்டுச் சீன ஆன்ட்டி கூச்சாய்க் கிழங்கு கொடுத்தார். மேல்மாடியிலிருந்து ஒருவர் வெற்றிலைக்கொடி கேட்டு வந்தார். கற்பூரவல்லி எத்தனை வீட்டுக்குப் போயிற்று என்று கணக்கே இல்லை. அதன் கிளையை ஒடித்து மண்ணில் குத்தினாலே போதும். விளக்கு வைத்த பிறகு மட்டும் அம்மா யாருக்கும் செடி கொடுக்க மாட்டார். "காலையில வாங்க" என்று அனுப்பிவிடுவார். நான் சிரிப்பேன். ஆனால் இளவெயிலில் எடுத்த கன்று வாடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பிறகு நானே பார்த்துவிட்டேன். ஆகவே இப்போது சிரிப்பதில்லை.

2011-இல் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். நாங்கள் எல்லாரும் அங்கேயே அலைந்துகொண்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது எங்களிடமிருந்த இரண்டு கறிவேப்பிலையும் காய்ந்த குச்சிகளாக நின்றன. அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, மக்சிக் தன் செடியின் அடியில் கிளம்பியிருந்த பக்கக்கன்றை வேர் அறாமல் பிரித்து, ஒரு டின்னில் வைத்து எங்கள் வாசலில் கொண்டு வந்து வைத்தார். எங்கள் லயத்து மரம் எதிர்வீடு போய் எங்களிடமே திரும்பி வந்தது.

இந்தக் கதையை இத்தோடு முடித்துவிட்டால் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் செந்தூலுக்குப் போகும்போது, நான் வேலை செய்யும் தோட்டத்திலிருந்து தளதளவென்று துளிர்த்திருந்த ஒரு பெரிய கறிவேப்பிலைச் செடியைத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாருக்கும் என் செடியைக் காட்ட வேண்டும் என்ற பெருமை. நுனித் தளிர்கள் சற்றுச் சுருண்டிருந்தன, வெள்ளை நூல்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. வராந்தாவில் மக்சிக்கின் லிமாவ் வாளிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அடுத்த ஆண்டு அந்த லிமாவின் இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாயின. காய்கள் சிறுத்து, ஒருபக்கம் கோணி, அடிப்பாகம் பழுக்காமல் பச்சையாகவே நின்றன. மக்சிக் உரம் போட்டார், அரிசி கழுவிய நீர் ஊற்றினார். கிளை கிளையாகக் காய்ந்துகொண்டே வந்தது.

நான் ஓர் இலையைப் பறித்து வந்து, எங்கள் தோட்டப் பக்கம் வந்த விவசாய இலாகா அதிகாரி ஒருவரிடம் காட்டினேன். அவர் இலையைப் பார்த்துவிட்டு, "பக்கத்தில் கறிவேப்பிலை இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது.

விஷயம் இதுதான், வாசகர்களே. எலுமிச்சை இனத்துத் தளிர்களில் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி இருக்கிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் குஞ்சுகள் மஞ்சள் நிறத்தில் இளந்தளிரில் மொய்த்து, வெள்ளை மெழுகு நூல்களை விடும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இந்தப் பூச்சி அதிலும் சுகமாகக் குடியிருக்கும். கறிவேப்பிலைக்குப் பெரிய கேடு வராது. ஆனால் நோய் பிடித்த எலுமிச்சையில் உறிஞ்சிய பூச்சி நல்ல எலுமிச்சைக்குப் பறந்தால், ஒரு நுண்கிருமியை அதனுள் செலுத்திவிடும். அந்த நோய்க்குச் சீனர்கள் வைத்த பெயருக்கு மஞ்சள் டிராகன் என்று பொருள். வந்துவிட்டால் மரத்தைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

அமெரிக்காவின் புளோரிடாவில் இந்தப் பூச்சியை 1998-இலும் நோயை 2005-இலும் கண்டுபிடித்தார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த ஆரஞ்சுத் தோட்டங்களின் விளைச்சல், இருபது ஆண்டுகளுக்குள் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. புயல்களும் சேர்ந்து அடித்தன என்றாலும் முதல் எதிரி இந்த நோய்தான். கலிபோர்னியாவில் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைச் செடியை நினைத்தபடி வெளியே கொண்டுபோக முடியாது. நம் சமையலறைச் செடிக்கு இப்படி ஒரு சட்டமா என்று முன்பு கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அந்தப் பூச்சி என் செடியோடுதான் வந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வேறு வழியிலும் வந்திருக்கலாம். ஆனால் பூச்சி பிடித்த செடியை அந்த வாளிக்குப் பக்கத்தில் வைத்தவன் நான். மக்சிக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் அந்தக் காய்ந்த கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிந்தா செய்தீர்கள், சிக்கு?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியரை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள். அன்று அந்தச் சொல் எனக்குக் கூசியது. அவர் கணவர் கைப்பட வைத்த செடியை நானே வெட்டி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, கீழே கொண்டுபோனேன்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேண்டுகோள். செடி கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கொடுக்கும் முன் தளிரைப் புரட்டிப் பாருங்கள். கறிவேப்பிலையைக் கன்றாகக் கொடுப்பதைவிட விதையாகக் கொடுப்பது பாதுகாப்பு. பழம் நன்றாகக் கறுத்ததும் பறித்து, சதையைப் பிசைந்து கழுவி, உடனே ஊன்ற வேண்டும். காயவைத்துப் புட்டியில் பத்திரப்படுத்தினால் வீண். மூன்று வாரத்துக்கு மேல் அதற்கு உயிர் நிற்பது அரிது. கன்றாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் சுருண்ட தளிர்களை நறுக்கிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, இலையின் அடிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். எலுமிச்சை இலை மஞ்சளானால் உடனே பயந்துவிடவும் வேண்டாம். நடுநரம்புக்கு இருபுறமும் ஒரே மாதிரி மஞ்சளித்தால் பெரும்பாலும் சத்துக் குறைவுதான். ஒருபுறம் ஒரு மாதிரியும் மறுபுறம் வேறு மாதிரியும் திட்டுத்திட்டாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முருங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டைவிரலைவிடப் பருத்த முற்றிய கிளையாக மூன்றடி வெட்டிக் கொடுங்கள். வெட்டுவாய் இரண்டு நாள் நிழலில் உலரட்டும். மல்லிகை கேட்டால் கிளையை வளைத்து மண்ணில் பதியன் போட்டு, வேர்விட்ட பிறகு கொடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த ஓரத்திலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். கொசு வளர விட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

மக்சிக்கின் லிமாவ் கதைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அந்தச் செடியிலிருந்து ஒரு பதியன் கன்றை, அடுத்த பிளாக்கில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கும் தன் தோழிக்கு அவர் கொடுத்திருக்கிறார். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. அம்மாதான் நினைவுபடுத்தினார். நானும் அம்மாவும் ஏறிப் போய்ப் பார்த்தோம். இலைகள் கரும்பச்சையாக, காய்கள் உருண்டையாக இருந்தன. அந்தத் தோழி சிரித்துக்கொண்டே தானே ஒரு பதியன் போட்டு, மூன்று மாதத்தில் அனுப்பி வைத்தார்.

இப்போது அந்தக் கன்று மக்சிக்கின் கதவோரத்தில், ஒரு பழைய முக்காலியின்மேல் நிற்கிறது. எங்கள் கறிவேப்பிலையை வராந்தாவின் அந்தக் கோடிக்கு நகர்த்திவிட்டோம். செந்தூலுக்குப் போகும்போதெல்லாம் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த லிமாவின் தளிர்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறேன். மக்சிக் பக்கத்தில் நின்று, "இருக்கிறதா, சிக்கு?" என்று கேட்பார். போன விடுமுறையில் பார்த்தவரை இல்லை. கிளம்பும்போது ஒரு பை நிறைய உலாம் ராஜா விதையைக் கையில் திணித்து, "இதிலும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.