நம்ம ஊர் பேஞ்சோ



பேஞ்சோ என்றதும் நம்ம பழவேற்காடு குப்பங்களில் பெரியவர்கள், "டைப்ரைட்டர் மாதிரி கட்டை வச்ச பெட்டிதானே!" என்பார்கள். அதற்கு இன்னொரு பெயர் புல்புல்தாரா. அது பிறந்த நாடு எது தெரியுமா? ஜப்பான்! 1912-இல் நகோயா நகரில் மொரிட்டா கோரோ என்பவர் டைப்ரைட்டரைப் பார்த்து, அதே போன்ற கட்டைகளைத் தந்திகளின் மேல் பொருத்தினார். பிறகு அது கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது.

அசல் பேஞ்சோ எது?

அது வேறு கருவி. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, தந்தி பூட்டிச் செய்தது. (17-ஆம் நூற்றாண்டில் நம்ம பழவேற்காட்டிலிருந்தும் டச்சுக்காரர்கள் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது வரலாறு.) அதன் ஒரு வகையான டெனர் பேஞ்சோவுக்கு 4 தந்தி. 1920-களில் அமெரிக்க ஜாஸ் இசையில் அது புகழ் பெற்றது. பழைய பேஞ்சோவில் இருப்பது தோல் என்பதால் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். பறையை நெருப்பில் காய்ச்சுகிறோமே, அதே காரணம்தான். நம்ம பேஞ்சோவில் தோல் கிடையாது, மரப்பெட்டி மட்டும்தான்.

எப்படிப் பாடுகிறது?

வலது கையில் சின்னத் தகடு, அதனால் தந்தியை மீட்ட வேண்டும். இடது கையால் கட்டையை அழுத்த வேண்டும். கட்டையின் அடியில் உள்ள இரும்பு தந்தியைத் தொடும். அதிரும் நீளம் குறையும், ஸ்வரம் ஏறும். நீளம் சரிபாதி ஆனால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் கட்டையைத் தூக்கிவிடும். பக்கத்தில் உள்ள சுதித் தந்திகள் ஒரே ஸ்வரத்தில் ரீங்காரம் போடும். சத்தம் கணீர் என்று இருக்கும். ஆனால் ஆர்மோனியம் மாதிரி இதிலும் கட்டைக்குக் கட்டை தாவித்தான் போக முடியும். வீணையைப் போல கமகம் கொண்டுவருவது கஷ்டம். சினிமாப் பாட்டுக்குப் பொருத்தம்.

உப்புக்காத்து என்ன செய்யும்?

எங்கள் தெருவில் ஒரு தாத்தா வீட்டில் பழைய பேஞ்சோ ஒன்று இருக்கிறது. மரம் நல்லா இருக்கு, அடிப்பலகையில் மட்டும் ஒரு விரிசல். மூன்று கட்டைகள் அழுத்தினால் மேலே வராது, ஸ்பிரிங் துரு பிடித்துவிட்டது. தந்திகள் பழுப்பு நிறம். துரு பிடித்த தந்தி ஒரே கனமாக இருக்காது, அதனால் சுதி சேராது, சத்தமும் மங்கிவிடும். முறுக்கினால் அறுந்துவிடும். சைக்கிள் ரிம்மை அரிக்கும் அதே உப்புக்காத்துதான் இதையும் அரிக்கிறது.

காப்பாற்ற வழிகள்

1. வாசித்த பின் வியர்வை போகத் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.
2. தரையிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காமல், துணி சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும்.
3. கட்டைகளுக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. தூசி ஒட்டிக்கொண்டு கட்டை இன்னும் இறுகும்.
4. துருப் பிடித்த தந்தியைத் தேய்க்காமல் மாற்றிவிட வேண்டும். சென்னையில் இசைக்கருவிக் கடைகளில் புதுத் தந்தி கிடைக்கும்.

தந்தி மாற்றினால் அந்தப் பேஞ்சோ மறுபடியும் பாடும். ஆனால் தாத்தாவுக்கு இப்போது விரல் நடுங்குகிறது. எந்தக் கட்டைக்குப் பின் எந்தக் கட்டை என்பது அவர் மனசில்தான் இருக்கிறது, எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. "யாராவது வந்தா சொல்லித் தரேன்" என்கிறார். விருப்பம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை என்னோடு வரலாம். காசு வேண்டாம், காது இருந்தால் போதும்!



– 9-ஆம் வகுப்பு மாணவி