முனகற் பெட்டி: போர்க்களத்து மதகுருவும் மடக்கு ஆர்மோனியமும்

இசைக்கருவிகளின் வரலாற்றினை எழுதுவோர் பெரும்பாலும் அரசவையையும் அரங்கினையும் தேவாலயத்தையும் மையமாகக் கொண்டே எழுதிவந்துள்ளனர். ஒரு கருவியின் வடிவினை நிர்ணயிப்பதில் அதன் சமூகப் பயன்பாட்டுக்குள்ள பங்கு அவ்வரலாறுகளிற் போதிய கவனம் பெறுவதில்லை. இரு உலகப் போர்களிலும் படைமதகுருமார் தம்முடன் கொண்டுசென்ற மடக்கு ஆர்மோனியம் இவ்வகையில் ஆராயத்தக்கது. கலை நோக்கில் அது எளிய கருவியே. ஆயினும் சமயம், அரசு, சாதாரண போர்வீரன் ஆகிய மூன்றுக்குமிடையே நிலவிய உறவினை அது தெளிவாகக் காட்டுகின்றது.

முதலிற் கருவியின் அமைப்பினை நோக்குவோம். குழாய் ஓகனில் தாழ்ந்த சுரம் பிறப்பதற்கு நீண்ட குழாய் வேண்டும். ஆர்மோனியத்திலோ பித்தளை நாக்கொன்று காற்றின் விசையால் அதிர்ந்து ஒலியெழுப்புகின்றது. நாக்கின் நீளமும் தடிப்புமே சுரத்தை நிர்ணயிப்பதாற் குழாய் தேவையற்றதாகின்றது. கருவியும் பெட்டியளவிற்குச் சுருங்குகின்றது. தந்திகள் இன்மையால், பியானோவின் சுருதியைக் குலைக்கும் குளிரும் ஈரமும் இதனை அத்துணை எளிதிற் பாதிப்பதில்லை. கால்களை மடக்கி மூடினால், கைப்பிடியுள்ள பெட்டியாக இதனைத் தூக்கிச் செல்லலாம்.

இக்கருவி போருக்கெனப் பிறந்ததன்று. 1840களின் தொடக்கத்திற் பாரிசில் அலெக்சாந்தர் டெபெய்ன் ஆர்மோனியத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். அதன்பின் ஐக்கிய அமெரிக்காவில் ஆலை உற்பத்தி இவ்வகைக் கருவியை நடுத்தர வர்க்க இல்லங்களுக்குக் கொண்டுசென்றது. வெர்மொன்ற் மாநிலத்து எஸ்ரி நிறுவனம் தன் வாழ்நாளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நாக்கு ஓகன்களைச் செய்தது. 1880களிற் சிக்காகோவில் பில்ஹோர்ன் என்னும் நற்செய்திப் பாடகர், கூட்டங்களுக்குத் தூக்கிச் செல்லத்தக்க மடக்கு ஓகனை ஆக்கினார். மக்களைத் தேடிச் சென்ற சமயப் பிரசாரத்தின் கருவியைப் பின்னர் படைகள் சுவீகரித்துக் கொண்டன.

அச்சுவீகரிப்பின் பின்னணியில் அரசு நின்றது. பிரித்தானியப் படையில் மதகுருமாருக்கான திணைக்களம் 1796இல் நிறுவப்பட்டது. 1914இற் போர் தொடங்கியபோது அதிலிருந்தோர் நூற்றுச் சொச்சம் பேரே. போர் முடிவடையுமுன் அத்தொகை 3,000ஐத் தாண்டிவிட்டது. படைமதகுரு அதிகாரி தரத்தைச் சேர்ந்தவர். வழிபாட்டு அணிவகுப்பிற் பங்குபற்றுதல் வீரனுக்கு 1946 வரை கட்டாயமாயிருந்தது. எனவே இங்குச் சமயம் தனிமனித விசுவாசமாக மட்டுமன்றிப் படை ஒழுங்கின் ஓர் உறுப்பாகவும் இயங்கிற்று.

ஆயினும் இத்துடன் ஆய்வினை முடித்துவிடுதல் எந்திரப் பாங்கான பார்வையாகும். பெல்ஜியத்தின் பொப்பரிங்கே நகரில், ஈப்ர் போர்முனைக்குச் சில மைல் பின்னால், 1915 டிசம்பரில் பிலிப் கிளேற்றன் என்ற மதகுரு டால்பொற் இல்லத்தைத் திறந்தார். பதவி வேறுபாடுகளை வாயிலிலேயே விட்டுவிடுமாறு வருவோரைக் கேட்டமை அவ்வில்லத்தின் சிறப்பாகும். அதன் கூரையடி அறை சிற்றாலயமாயிற்று. கிளேற்றனின் கைக்காவு ஆர்மோனியம் ‘முனகற் பெட்டி’ எனப் பொருள்படும் பெயராலேயே அழைக்கப்பட்டது. புனிதப் பொருளுக்குச் சூட்டப்பட்ட இக்கேலிப் பெயரில் ஆணைக்குக் கட்டுப்பட்ட பக்தியன்று, தோழமையே ஒலிக்கின்றது.

ஆனால் அதே நகரின் நகரமண்டபத்தில் மரணதண்டனை பெற்ற வீரரை அடைத்துவைத்த சிறையறைகளும் இருந்தன. தண்டிக்கப்பட்டவனின் இறுதி இரவில் உடனிருப்பதும் மதகுருவின் கடமைகளுள் ஒன்றாயிருந்தது. அப்போரிற் படையை விட்டோடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியத் தரப்பிற் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இலேயே மன்னிப்பு வழங்கப்பட்டது. ஓரிடத்தில் பதவி வேறுபாடு மறந்து பாட்டு. மற்றோரிடத்தில் அவ்வேறுபாட்டின் இறுதி அதிகாரம். வாயிலுக்குள் நிலவிய சமத்துவத்தால் வாயிலுக்கு வெளியேயிருந்த உறவுகளை மாற்ற இயலவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இம்முரண்பாடு வேறொரு வடிவிற் புலப்பட்டது. அமெரிக்கப் படையின் மதகுருமாருக்கு எஸ்ரி நிறுவனத்தின் மடக்கு ஓகன்கள் வழங்கப்பட்டன. கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், யூதர் ஆகிய மூவருக்குமுரிய பாடல்களும் வழிபாடுகளும் ஒரே நூலில் தொகுக்கப்பட்டன. மூன்று சமயங்களை ஒரே அட்டைக்குள் அடக்கிய அப்படை, கறுப்பின வீரரையும் வெள்ளையின வீரரையும் தனித்தனிப் பிரிவுகளிலேயே வைத்திருந்தது. அப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்தது 1948இலேதான்.

சமயத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இன் அதே பகுதியில், மெய்யான துன்பத்தின் வெளிப்பாட்டையும் அதற்கெதிரான குரலையும் சமயத்திலே ஒருங்கு கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. மடக்கு ஆர்மோனியத்தைச் சூழ்ந்து நின்று பாடியோரிற் பெரும்பாலோர் தொழிலாளரும் விவசாயிகளும் எழுதுவினைஞருமே. அவர்களின் பாட்டை ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சியென்று மட்டுங் கொள்வோமாயின், அவர்களது அச்சத்தையும் வீட்டு நினைவையும் புறக்கணித்தவராவோம். அதனை வெறும் ஆறுதலென்று மட்டுங் கொள்வோமாயின், அவ்வாறுதல் மறுநாள் அவர்களை எங்கே அனுப்பியது என்ற வினாவைத் தவிர்த்தவராவோம்.

கருவி தன்னளவில் எக்கருத்துநிலைக்கும் அடிமையன்று. அதே பித்தளை நாக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் போன்றோரின் கைவண்ணத்தால், தரையில் அமர்ந்து வாசிக்கும் கை ஆர்மோனியமாகி, எமது இசைநாடக மேடைக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே ஒரு கருவியின் வரலாற்றினை ஆராய்வோர், அது எவ்வாறு ஒலித்தது என்பதோடு, யாருடைய ஆணையின்பேரில் ஒலித்தது, அதனைச் சூழ நின்றோர் ஒருவரோடொருவர் எத்தகைய உறவில் நின்றனர் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.