நம் பிள்ளைக்காக யார் போன் செய்வார்?

தெருமுனையில் நான்கு பையன்கள் கஞ்சாவுடன் பிடிபடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்த்தெருப் பையனின் அப்பாவுக்கு ஒரு வக்கீலைத் தெரியும். ஸ்டேஷனுக்கு உடனே போன் வரும். காலனிப் பையனுக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். வயல் வேலையை விட்டு அம்மா ஓடி வருவதற்குள் வழக்குப் பதிவு முடிந்திருக்கும்.

கஞ்சா எல்லாத் தெருவிலும்தான் புகைகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறையில் இருப்பவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல் நம்மவர்கள்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, கஞ்சா புகைத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவும் உண்டு. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், புகைத்த குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு கிடைக்கும். ஆனால் சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை ரத்து செய்யலாம்.

18 வயது நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமம் போதை மீட்புச் சிகிச்சைக்கு உத்தரவிடலாம்.

வழி இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? மாவட்டத் தலைநகருக்குப் பஸ் செலவு, ஒருநாள் கூலி இழப்பு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். இங்கேதான் செல்போன் கைகொடுக்கும்.

புகையிலையை விட நினைப்பவர் மிஸ்டு கால் கொடுத்தால் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பும் திட்டத்தை மத்திய அரசு 2016-ல் தொடங்கியது. அமெரிக்காவில் கஞ்சா பழகிய இளைஞர்களிடம் இதே முறையைச் சோதித்திருக்கிறார்கள். யாருடன் சேரும்போது புகைக்கிறாய், எந்த இடத்தைத் தவிர்க்கலாம் என்று குறுஞ்செய்தியில் கேட்டுப் பேசுகிறார்கள். இதற்கு ஸ்மார்ட்போன்கூட வேண்டாம், பட்டன் போன் போதும்.

நம் மாவட்டத்திலும் செய்யலாம். சிகிச்சைக்கு முந்தைய நாள் நினைவூட்டும் ஒரு செய்தி, வாரம் ஒருமுறை ஆலோசகரின் அழைப்பு, நன்னடத்தை அலுவலரின் ஒரு விசாரிப்பு. மருத்துவமனைக்குப் போவதற்கு இது மாற்று ஆகாது. போவதை நிறுத்தாமல் இருக்க உதவும்.

இரண்டு நிபந்தனைகள் முக்கியம். பல வீடுகளில் ஒரே போனைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதனால் குறுஞ்செய்தியில் 'கஞ்சா' என்ற சொல்லே வரக்கூடாது. பிள்ளை ஆலோசகரிடம் மனம் திறந்து பேசியது போலீஸுக்குப் போகக்கூடாது. ஆலோசனை என்ற பெயரில் கண்காணிப்பு நடந்தால், ஏற்கெனவே ஸ்டேஷனைக் கண்டு பயந்த பிள்ளை வாயே திறக்காது.

திட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்கள் இந்த எண்களைத் தங்கள் தெருவில் எழுதி ஒட்டலாம். மனநல ஆலோசனைக்கு 14416. போதை மீட்புக்கு 14446. குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098. சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். இது சலுகை அல்ல, உரிமை.

அடுத்தமுறை ஸ்டேஷனில் நம் பிள்ளைக்காகவும் ஒரு போன் ஒலிக்க வேண்டும்.