தோல் போன வழியே வந்த பாட்டு!

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, ஆம்பூர் வந்துவிட்டது என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். ஒரு பக்கம் தோல் வாசனை. இன்னொரு பக்கம் பிரியாணி வாசனை!

ஆனால் இந்த ஊருக்கு நல்ல காதும் உண்டு என்பது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. ‘முஷாயிரா’ என்னும் கவியரங்கம் நடந்தால் இரவு வெகுநேரம்வரை கூட்டம் கலையாது. நல்ல அடி ஒன்று விழுந்தால் ‘வாஹ் வாஹ்’ என்று எழும் ஆரவாரத்தில் பந்தலே அதிரும். உச்சரிப்பு ஒன்று பிசகினாலோ, முன்வரிசையில் இருப்பவர் முகம் சுளிப்பார். பாட்டு என்றால் சொல்லுக்கும் பொருளுக்கும் காது கொடுக்கிறவர்கள் இவர்கள்.

இப்படிப்பட்ட காதுகளில்தான் 1981-ஆம் ஆண்டு ‘டிஸ்கோ தீவானே’ என்ற இசைத்தட்டு வந்து விழுந்தது. ‘தீவானே’ என்றால் பித்துப் பிடித்தவர்கள் என்று பொருள். பித்து ஒரு பக்கம் பிடித்தது. கோபம் இன்னொரு பக்கம் பிடித்தது!

யார் இந்தப் பெண்?

பாடியவர் நாஜியா ஹசன். வயது பதினாறு. பிறந்தது கராச்சியில், வளர்ந்ததில் பெரும் பகுதி லண்டனில். கூடப் பாடியவர் தம்பி ஜோஹேப் ஹசன்.

இதற்கு முந்திய ஆண்டிலேயே நாஜியாவின் குரல் இந்தியா முழுவதும் பரவியிருந்தது. 1980-இல் வெளிவந்த ‘குர்பானி’ என்ற இந்திப் படத்தில் ‘ஆப் ஜைஸா கோயி’ என்ற பாட்டைப் பாடியவர் அவரே. படத்தை எடுத்தவர் ஃபெரோஸ் கான். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் பித்து. இருவருமே பெங்களூரில் பிறந்தவர்கள்!

பித்துவின் கதை சுவையானது. குடகு வம்சத்தைச் சேர்ந்த பித்து அப்பையா, இளம் வயதில் கிதாரும் கையுமாக இங்கிலாந்துக்குப் போனார். 1974-இல் கார்ல் டக்ளஸ் என்ற பாடகரைக் கொண்டு அவர் பதிவு செய்த ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ என்ற பாட்டு உலகத்தையே ஆட வைத்தது. அதே பித்துதான் ‘டிஸ்கோ தீவானே’யை லண்டனில் உருவாக்கிக் கொடுத்தவர்.

தோல் வியாபாரிகளுக்கு இந்தப் பயணம் புதிதல்ல. இந்தப் பகுதியின் தோல்கள் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பாதி பதப்பட்ட நிலையில், சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் பல காலம் கப்பலேறின. அங்கே மெருகேறி, காலணியாகவும் கைப்பையாகவும் மாறிப் பன்மடங்கு விலைக்கு விற்றன. 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்திய பிறகுதான், மெருகேற்றும் வேலையும் காலணித் தயாரிப்பும் இங்கே வேகமாக வளர்ந்தன.

பாட்டும் அப்படித்தான் ஆயிற்று. ஆள் பெங்களூர், குரல் கராச்சி, மெருகு லண்டன். தோல் போன வழியே பாட்டு திரும்பி வந்தது!

ரஃபி கட்சி

பாட்டைக் கேட்டவர்கள் ஒன்றுபட்டு ஒரு தீர்ப்புச் சொல்லவில்லை. கட்சி கட்சியாகப் பிரிந்தார்கள்.

முதல் கட்சி, முகமது ரஃபியின் பக்தர்கள். ‘குர்பானி’ வெளிவந்த சில வாரங்களில், 1980 ஜூலை 31-ஆம் தேதி, ரஃபி காலமானார். அந்தத் துக்கம் ஆறாத நேரத்தில், ஊரெல்லாம் ஒரு சிறு பெண்ணின் டிஸ்கோ பாட்டு ஒலித்தால் பக்தர்களுக்கு எப்படி இருக்கும்?

அவர்கள் சொன்ன குறைகள் மூன்று. குரல் மூக்கிலிருந்து வருகிறது, பயிற்சி போதாது. உருதுச் சொற்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வாடை வீசுகிறது. பாட்டில் பொருள் இல்லை. கஜல் ஒன்றின் இரண்டு அடிக்குள் அடங்கும் ஆழம் இந்த இசைத்தட்டு முழுவதிலும் இல்லை.

மூன்றும் பொய் என்று தள்ளிவிட முடியாது. நாஜியாவின் குரல் சிறியது. மேலே ஏறி நின்று ஜாலம் காட்டுகிற குரல் அன்று. சொற்கள் எளியவை. தாளமும் பாட்டுக்குப் பாட்டு பெரிதாக மாறுவதில்லை.

வாலிபர் கட்சி

இரண்டாவது கட்சி வாலிபர்களுடையது. பெரியவர்கள் எதைக் குறை என்றார்களோ, அதையே அவர்கள் கொண்டாடினார்கள்.

லதாவின் பாட்டை லதாதான் பாட வேண்டும். நாம் வாய் திறந்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். நாஜியாவின் பாட்டோ அப்படியல்ல. மாடிப்படி ஏறும்போதும் பாடலாம். துணி உலர்த்தும்போதும் பாடலாம். குரல் நம் வீட்டுப் பெண்ணின் குரல் போலவே இருக்கிறது! இதுதான் அவர்கள் வாதம்.

அவர்களுக்குத் துணையாக ஒரு கருவியும் வந்து சேர்ந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்தவர்கள் கையில் ‘டூ-இன்-ஒன்’ என்ற ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி இருந்தது. ரேடியோ எப்போது பாடுமோ என்று காத்திருந்த காலம் போய், வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கும் காலம் வந்தது. கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும். விரும்பிய பாட்டுகளை வரிசையாகப் பதிவு செய்து கொடுப்பார்கள். டேப் தேய்ந்து குரல் கரகரக்கும்வரை கேட்ட பாட்டுகள் எத்தனையோ!

மொழி தெரியாத கட்சி

மூன்றாவது கட்சிக்கு உருதுவும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆனால் அடித்தளத்தில் ஓடும் அந்தத் தாளத்துக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கால் தானாகத் தட்டியது.

விரைவிலேயே தமிழ்த் திரையும் டிஸ்கோ விளக்குகளால் நிறைந்தது. 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்ஸர்’ என்ற இந்திப் படம், 1985-இல் ஆனந்த்பாபு நடிக்க ‘பாடும் வானம்பாடி’யாகத் தமிழுக்கு வந்தது. நடிகை ஒருவருக்கு ‘டிஸ்கோ’ என்பதே பெயரின் முன்பாதியாக நிலைத்தது. அந்தச் சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது என்றாலும் தவறில்லை.

வீட்டுக்குள் நடந்த வழக்கு

இவை எல்லாம் வெளியில் நடந்த வாதம். வீட்டுக்குள் நடந்தது வேறு வழக்கு.

பாட்டே வேண்டாம் என்ற கட்டுப்பாடு உள்ள குடும்பங்கள் உண்டு. ஆண் பாடினாலே முகம் சுளிக்கும் வீட்டில், ஒரு முஸ்லிம் பெண் மேடை விளக்கில் நின்று காதலைப் பாடுகிறாள் என்றால் பெரியவர்கள் பேசாமல் இருப்பார்களா? பாகிஸ்தானிலும் அது ஜெனரல் ஜியா உல் ஹக்கின் ஆட்சிக் காலம். கலைக்கும் பெண்களுக்கும் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்த காலம். அங்கேயும் நாஜியாவுக்குப் பாராட்டும் கண்டனமும் சேர்ந்தே கிடைத்தன.

ஆனால் அந்த வீட்டுப் பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. பதினாறு வயதுக் கதாநாயகிக்கு ஐம்பது வயதைத் தாண்டிய லதா மங்கேஷ்கர் பின்னணி பாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அது மகா கலை, சந்தேகமில்லை. ஆனாலும் பதினாறு வயதுப் பெண் பதினாறு வயதுக் குரலிலேயே, தன் வீட்டு மொழியிலேயே பாடினால் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அதுவரை கேட்டதில்லை. நாஜியா பாடினார்; கேட்டார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்தாவது கேட்டார்கள்!

பெரியவர்கள் பயந்தது டிஸ்கோவுக்கு மட்டுமல்ல. தன் குரலில் பேசலாம் என்று பெண்ணுக்கு ஒரு பாட்டு சொல்லிக் கொடுத்துவிடுமோ என்ற பயமும் அதில் இருந்தது.

பாடகியின் வழி

அடுத்து ‘பூம் பூம்’ 1982-இலும், ‘யங் தரங்’ 1984-இலும், ‘ஹாட்லைன்’ 1987-இலும் வெளிவந்தன. 1992-இல் வந்த ‘கேமரா கேமரா’தான் கடைசி இசைத்தொகுப்பு. நாஜியா அதோடு பாட்டை விட்டார். புகழைப் பிடித்துத் தொங்கவில்லை. சட்டம் படித்தார், ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்தார்.

2000 ஆகஸ்ட் 13-ஆம் தேதி, லண்டனில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது முப்பத்தைந்துதான்.

அவர் போட்ட பாதை மூடிவிடவில்லை. சினிமாவைச் சாராத பாட்டுக்கும் நாடு முழுவதும் சந்தை உண்டு என்று காட்டியது ‘டிஸ்கோ தீவானே’. அதே பித்து, 1995-இல் அலிஷா சினாயைப் பாட வைத்து ‘மேட் இன் இந்தியா’வைக் கொடுத்தார். 2012-இல் ‘ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்’ படத்தில் ‘டிஸ்கோ தீவானே’ மறுபடியும் புது மெருகோடு வந்தது; அதில் நாஜியாவின் பழைய குரலையும் இழைத்திருந்தார்கள்.

மேல்முறையீட்டில் என்ன தீர்ப்பு?

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வட ஆற்காடு மாவட்டம் பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டது. 2019 முதல் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. கேசட் கடைகள் இருந்த இடத்தில் செல்போன் கடைகள் வந்துவிட்டன. வழக்கு மட்டும் மேல்முறையீட்டில் திரும்பியிருக்கிறது.

அன்று ‘பக்குவப்படாத குரல்’ என்று தள்ளப்பட்டதை இன்று ‘கள்ளமில்லாத குரல்’ என்கிறார்கள். குரல் மாறவில்லை, சொல்தான் மாறியிருக்கிறது. இளவயதில் இறந்தவரிடம் உண்டாகும் இரக்கம் என்று இதைச் சொல்லிவிடலாம். அது பாதி உண்மை. மீதி உண்மை என்னவென்றால், பாட்டைப் பதிவு செய்த பிறகு குரலைக் கருவியால் திருத்திச் செப்பனிடும் காலம் இது. திருத்தாத குரலுக்குக் காது ஏங்குகிறது.

தோல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். மேல்பூச்சு கனமாகப் பூசிய தோல் பளபளக்கும். எல்லா இடமும் ஒன்று போலவே இருக்கும். பூச்சு குறைந்த நல்ல தோலில் ஆட்டுக்கு முள் குத்திய பழைய தழும்பும் தெரியும். அது குறையல்ல, அசல் என்பதற்கு அடையாளம்.

1981-இல் பதினாறு வயதாக இருந்த பெண்ணுக்கு இப்போது அறுபது வயதாகிறது. கல்யாண வீட்டில் அந்தப் பாட்டு ஒலித்தால், “இது ஆலியா பட் படத்துப் பாட்டு, நானி!” என்று பேத்தி சொல்லக்கூடும்.

“போடி, அது என் பாட்டு!” என்று சொல்லும் உரிமை நானிக்கு உண்டு. சத்தத்தைக் குறைக்காமலே கேட்கும் உரிமையும் உண்டு.