ஒரே பானைச் சோறு... ஒருவருக்கு மட்டும் எடை கூடுவது ஏன்? குடல் பாக்டீரியா போடும் கணக்கு!

தை பிறக்கும் நேரத்தில் உவரி, திசையன்விளை பக்கம் போனால் பனங்கிழங்குக் கட்டுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மணலில் பனங்கொட்டையைப் புதைத்து, முளைவிட்ட கிழங்கைப் பிடுங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நார் உரித்துச் சாப்பிடுவார்கள். எவ்வளவு உரித்தாலும் கொஞ்சம் நார் உள்ளே போகத்தான் செய்யும்.

'நார் செரிக்காது, அப்படியே வெளியே வந்துவிடும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். நம் வயிறும் சிறுகுடலும் கைவிட்ட நார்ச்சத்தின் ஒரு பகுதி, பெருங்குடலில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு. அந்தப் பந்திக்கும் நம் உடல் எடைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் ஆச்சர்யம்!

நாருக்கும் கலோரி உண்டு!

பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பியூட்டிரேட், குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். மற்றவை ரத்தத்தில் கலந்து உடலுக்குச் சக்தி தருகின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோ கலோரி தரும் என்றால், ஒரு கிராம் நார்ச்சத்து சராசரியாக 2 கிலோ கலோரி தரும்.

காய், பழங்களின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பாலிஃபீனால்களின் கதையும் இதுதான். அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பாக்டீரியாக்கள் உடைத்துத் தந்த பிறகே உடலுக்குப் பயன்படுகின்றன. ஆனால், எல்லோர் குடலிலும் ஒரே பாக்டீரியாக்கள் இல்லை. அதனால் ஒரே குழம்பைச் சாப்பிட்டாலும் ஆளுக்கு ஆள் கிடைப்பது மாறுகிறது.

வேலூரில் கிடைத்த துப்பு

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், தென்னிந்தியாவைச் சேர்ந்த 11 முதல் 14 வயது வரையிலான சிறுவர் சிறுமியரின் மல மாதிரிகளைப் பரிசோதித்தனர். 15 பேர் உடல் பருமன் உள்ளவர்கள், 13 பேர் சராசரி எடை உள்ளவர்கள். 2010-ல் முடிவு வெளியானது. ஆராய்ந்த பாக்டீரியா வகைகளில் பெரும்பாலானவற்றில் வித்தியாசம் இல்லை. ஃபீக்காலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற ஒன்று மட்டும், பருமனான குழந்தைகளிடம் அதிகமாக இருந்தது.

இது பியூட்டிரேட் தயாரிக்கும் 'நல்ல' பாக்டீரியா என்று பெயரெடுத்தது. செரிக்காமல் வரும் மாவுச்சத்திலிருந்து கூடுதல் சக்தியை அது கறந்து கொடுத்திருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள். 28 பேரிடம் செய்த சிறிய ஆய்வு இது. பாக்டீரியாவால் எடை கூடியதா, எடையால் பாக்டீரியா கூடியதா என்பதை இது நிரூபிக்கவில்லை. ஆனால், 'நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா' என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது என்பதைக் காட்டியது.

எலிகள் சொன்ன பாடம்

2013-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையரின் குடல் பாக்டீரியாக்களை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தனர். ஒரே தீனிதான். ஆனாலும் பருமனானவரின் பாக்டீரியா போன எலிகளுக்குக் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. இரு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, ஒல்லியானவரின் பாக்டீரியா மற்ற எலிகளுக்கும் பரவி, கொழுப்பு சேர்வதைத் தடுத்தது. ஆனால், கொழுப்பு குறைந்த, காய்கறி, பழம் நிறைந்த தீனி கொடுத்தபோது மட்டுமே அது பலித்தது!

எடையைக் குறைத்த சில மாதங்களில் பழையபடி ஏறிவிடுகிறதா? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் எரான் எலினாவ் பங்கேற்ற குழு 2016-ல் இதை எலிகளிடம் ஆராய்ந்தது. எடை குறைந்த பிறகும் பருமன் காலத்து பாக்டீரியா கூட்டம் மாறவில்லை. அது ஏபிஜெனின், நாரின்ஜெனின் என்ற இரு தாவரச் சத்துகளை வேகமாகச் சிதைத்தது. அவற்றை மீண்டும் கொடுத்தபோது எடை ஏறும் வேகம் குறைந்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி, தினமும் கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது. முதலில் அதை எட்டலாம். அவியல், கூட்டு, சுண்டல் எல்லாம் இதற்குக் கை கொடுக்கும்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நன்றாகக் குடிக்க வேண்டும். பனங்கிழங்கிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைச் சோற்றுக்கு மேல் சேர்க்காமல், சோற்றைக் குறைத்துவிட்டுச் சாப்பிடுவது நல்லது. காரணமே இல்லாமல் எடை ஏறினாலோ இறங்கினாலோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் யாராவது குண்டாக இருந்தால், 'வாயைக் கட்டு' என்று அதட்டும் பழக்கத்தையும் நிறுத்திவிடலாம். தட்டில் விழுவது ஒன்றாக இருந்தாலும், குடலில் நடப்பது ஒன்றல்ல!