ஈரலுக்குப் பரவிய புற்றும் சஸ்திர சிகிச்சையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லுமிடங்களில், "ஈரலுக்குப் பரவிவிட்டதாம், இனி வீட்டோடு வைத்துப் பார்க்க வேண்டியதுதான்" என்று அங்கத்தினர் குடும்பத்தார் கூறக் கேட்கிறோம். சில நோயாளிகளுக்கு அது உண்மை; எல்லோருக்கும் அன்று.

புற்று முதலில் எவ்வுறுப்பில் தோன்றியது என்பதே கேள்வி. பெருங்குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. ஆதலின் குடற்புற்றின் வித்துக்கள் அங்கே தங்கிவிடுவதுண்டு. வேறெங்கும் பரவாமல் ஈரலோடு நின்றிருப்பின், அப்பகுதியை அறுத்து அகற்ற இடமுண்டு. இரைப்பையிலோ கணையத்திலோ தோன்றிப் பரவியதற்கு இம்முறை பெரும்பாலும் பயன்படுவதில்லை.

ஈரலையே அறுப்பதா என்று அஞ்ச வேண்டா. 1957-ல் பிரெஞ்சு நிபுணர் குயினோ அதனை எட்டுப் பிரிவுகளாக வகுத்துக் காட்டினார். ஏரிப் பாசனத்தில் கிளை வாய்க்கால்போல் ஒவ்வொன்றுக்கும் தனி இரத்தக் கிளை உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றவை வாடா. நல்ல ஈரலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினாலும் போதும். சில மாதங்களில் வளர்ந்து பழைய அளவை நெருங்கும். எஞ்சுவது போதாதெனில், நோயுற்ற பக்கத்து இரத்தக் குழாயை முன்னதாகவே அடைத்துவிடுவர். மடையை அடைத்தால் நீர் அடுத்த கழனிக்குப் பாய்வதன்றோ? அவ்வாறே இரத்தம் மறுபக்கம் பாய, சில வாரங்களில் அப்பக்கம் பருக்கிறது. நம்மை மிகவும் வியக்க வைத்தது இதுவே.

வீண் நம்பிக்கையும் ஊட்டலாகாது. இவ்வாறு பரவிய குடற்புற்று நோயாளருள் தொடக்கத்திலேயே கத்திக்கு ஏற்றவர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. மருந்து ஏற்றிக் கட்டி சுருங்கியபின் மேலும் சிலர் தகுதி பெறுவர். அறுவை செய்துகொண்டோரில் பத்துக்கு நால்வரளவில் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது; சிலருக்கு அதனையும் மீண்டும் அகற்றலாம். எனவே தவணை தவறாத பரிசோதனை வேண்டும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கோ கடிதம் கேட்டுப் பெறுக. ஈரல் சஸ்திர நிபுணர் ஒருவர் ஸ்கேன் படங்களைப் பார்க்குமுன் கைவிடவும் வேண்டா. தறியையும் நிலத்தையும் விற்கவும் வேண்டா. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5,00,000 ரூபாய் வரை இடமளிக்கிறது. அட்டை இல்லாதோர் குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் கொண்டு இப்போதே விண்ணப்பிக்கலாம்.